பழைய கார் என்றால் பெட்ரோல் வாசம் வந்துதான் ஆக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடி காந்தி நகரில் வசிக்கும் நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன். பழைய கார்களைப் பழுது பார்க்கும்போதும், பார்த்து முடித்து வண்டியை வெளியே எடுத்த பிறகும் ஏற்படுகிற பெட்ரோல் கசிவைப் பற்றி எனக்கு நேர்ந்ததையும், அதன் பிறகு நான் கேட்டும் கண்டும் தெரிந்துகொண்டதையும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இத்தகைய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கும் பட்டறை நடத்துபவர்களுக்கும் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1972-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2. ஆற்காட்டில் நெல் வியாபாரம் செய்த என் தந்தையார் வாங்கியது. அதன் பழைய ஆர்.சி. புத்தகத்தில் 'வடாற்காடு மாவட்டம்' என்று கையால் எழுதிய முகவரி இன்னும் அழியாமல் இருக்கிறது. சென்ற வைகாசி மாதம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து தரும்படி வேலூரில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். மாலை ஆறு மணி அளவில் வண்டியை எடுத்துக்கொண்டு, பின் இருக்கையில் என் பேரனுடன் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து விருதம்பட்டு வரும்போது வண்டிக்குள் பெட்ரோல் வாசம் வந்தது. வழக்கமாக வருவதுதானே என்று இன்னும் சற்று தூரம் ஓட்டினேன். அப்படி ஓட்டியது தவறு என்பதை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். வாசம் கண்ணைக் கரிக்கும் அளவுக்கு ஏறிய பிறகுதான் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன்.

கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சிறு அறையான ஃப்ளோட் சேம்பருக்குப் பெட்ரோல் வரும் ரப்பர் ஹோஸின் முனையில் கிளிப் இல்லை. அதற்குப் பதிலாக மெல்லிய கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிங் பிளேயரால் முறுக்கி விட்டிருந்தார்கள். கம்பி ரப்பருக்குள் வெட்டி இறங்கியிருந்தது. அந்த வெட்டிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, சேம்பரின் அடிப்பக்கம் வரை ஓடி, அங்கே ஒரு கணம் தொங்கி, நேர் கீழே, எஞ்சினின் புகை வெளியேறும் சூடான குழாயான புகை மேனிஃபோல்டில் விழுந்தது. 'சுர்' என்று ஓர் ஓசை, கூடவே வெள்ளையாக ஓர் ஆவி. அடுத்த சொட்டு அதற்குள் திரளத் தொடங்கியிருந்தது. அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினில் கார்பரேட்டரும் புகை மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவை என்பதை அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் அறிவார்கள். மேலே கசிந்தால் அது சூட்டின் மீதுதான் விழும்.

நான் செய்வதறியாமல் நின்றபோது, பின்னால் வந்து நிறுத்திய ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், "ஐயா, முதல்ல பையனை இறக்கித் தள்ளி நிக்க வைங்க, பேட்டரி ஒயரைக் கழட்டுங்க, அப்புறம் மத்ததைப் பாக்கலாம்" என்று சொல்லி, தம் ஆட்டோவிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தார். பெயர் கூடச் சொல்லாமல் போய்விட்ட அவருக்கு இக்கடிதத்தின் மூலம் நன்றி கூறிக்கொள்கிறேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய்க் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில், "பழைய வண்டி சார், வாசம் வரத்தான் செய்யும்" என்பதே. அந்தப் பட்டறையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அதே வாக்கியத்தை நான் என் தந்தையார் காலத்திலிருந்து எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், நானே பிறரிடம் சொல்லியும் இருக்கிறேன். அந்த வாக்கியம்தான் தவறு என்பதே இன்று என் உறுதியான கருத்து. இந்த வண்டிகள் புதிதாக வந்தபோது இப்படி வண்டிக்குள் வாசம் வருவது இயல்பாக இருந்ததில்லை. கசியாத டேங்க், கசியாத குழாய், கசியாத பம்பு என்றுதான் அவற்றை வடிவமைத்தார்கள். வாசம் வருகிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பு திறந்திருக்கிறது என்பதே பொருள். அந்த இணைப்பைத் திறந்தது பெரும்பாலும் வண்டியின் வயது அன்று, கடைசியாக அதைக் கழற்றி மாட்டிய கை.

பெட்ரோலின் இயல்பைச் சிறிது சொல்லியாக வேண்டும். சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில் கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகக்கூடிய திரவம் அது. அப்படியிருக்க, கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் அது எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும். பட்டறையில் பள்ளம் என்றால் மெக்கானிக் இறங்கி நிற்கும் குழிதான். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதுமானது. குழிக்குள் தொங்கும் கை விளக்கின் குண்டு பல்பு மீது ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால், சூடான கண்ணாடி வெடித்து உள்ளிருக்கும் இழை வெளியே வரும். அந்தக் குழியில் நிற்பவர் பெரும்பாலும் தொழில் பழக வந்த பையனாகவே இருப்பார். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. டார்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற இந்நாளில் குண்டு பல்பு கை விளக்கைக் குழிக்குள் இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

விருதம்பட்டு நிகழ்ச்சிக்குப் பிறகு, சத்துவாச்சாரியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் மட்டுமே பார்த்துவரும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் என் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் வேலை செய்த முறையை முழுவதும் அருகில் நின்று பார்த்தேன். முதலில், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் வண்டியைத் தொடுவேன் என்று சொல்லி, என்னை மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் வண்டியைக் கூரைக்கு வெளியே, சமதளத்தில் நிறுத்தி, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கினார். அடுத்து அவர் திறந்தது கார்பரேட்டரை அன்று, பின்னால் இருக்கும் டேங்கின் மூடியை. உள்ளிருந்து 'புஸ்' என்று காற்று வந்தது. "வெயில்ல டேங்குக்குள்ள அழுத்தம் கட்டியிருக்கும், இதை விடாம முன்னாடி ஹோஸைப் பிடுங்கினா மூஞ்சியில பீச்சி அடிக்கும்" என்றார்.

டேங்க் நிரம்பியிருந்தாலோ, வண்டியின் மூக்கு தாழ்ந்து நின்றாலோ, முன்னால் ஹோஸைக் கழற்றியவுடன் பெட்ரோல் தானாகவே இறங்கி ஓட ஆரம்பிக்கும். டேங்கின் மட்டம் குழாயின் திறந்த முனைக்குக் கீழே போகும்வரை அது நிற்காது. இதைத் தடுக்க, ரப்பர் ஹோஸைப் பிளேயரால் நெரித்துப் பிடிப்பது நம் பட்டறைகளில் வழக்கம். பழைய ரப்பரை நெரித்தால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்பக்கம் வெடித்துவிடும். அந்த வெடிப்பு ஒரு வாரம் கழித்துக் கசியும்போது, யாருக்கும் காரணம் புரியாது. பெரியவர் செய்தது எளிமையானது: துளைக்கு அளவான, வழவழப்பான தண்டுள்ள போல்ட் ஒன்றைத் தயாராக வைத்திருந்து, ஹோஸைக் கழற்றிய அதே நொடியில் அதற்குள் செருகிக் கிளிப்பை இறுக்கினார். சேம்பரில் மிச்சமிருந்த பெட்ரோலைப் பிளாஸ்டிக் மக்கில் பிடிக்காமல் தகர டப்பாவில் பிடித்து மூடி வைத்தார். டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க வேண்டியிருந்தால் வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் அவர் தம் பையன்களிடம் கண்டிப்பாகத் தடை செய்திருக்கிறார். ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கைப்பம்பு எந்தப் பெயிண்டுக் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

மாட்டும் நேரத்தில்தான் அவருடைய நிதானம் எனக்கு முழுவதும் புரிந்தது. ஹோஸைப் பிளேயரால் கடித்துத் துண்டிக்காமல், புது பிளேடால் நேராக வெட்டினார். குழாயின் முனையில் இருக்கும் மேட்டைத் தாண்டி ஹோஸ் உள்ளே போனதா என்று விரலால் தடவிப் பார்த்து, கிளிப்பை அந்த மேட்டுக்குப் பின்னால் வைத்து இறுக்கினார். மேட்டின் மேலேயே கிளிப்பை வைத்தால் அது நாளடைவில் நழுவி ஹோஸையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். குழாய்களைத் திருகி இணைக்கும் யூனியன்களில் இருக்கும் ஃபைபர் வாஷர்களை ஒருமுறை கழற்றினால் மறுபடி போடக்கூடாது. செம்பு வாஷரானால் அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து மென்மையாக்கிப் போடலாம், ஆனால் இரண்டு மூன்று ரூபாய்ப் பொருளுக்கு அந்தப் பாடு எதற்கு, புதிதே போடுங்கள் என்றார். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பெட்ரோல் யூனியனில் சுற்றவே கூடாதாம். அதன் நார் பிரிந்து போய், சேம்பர் நிரம்பியதும் பெட்ரோல் வரவை நிறுத்தும் நீடில் வால்வில் சிக்கினால் வால்வு மூடாமல் பெட்ரோல் நிரம்பி வழியும். அப்படி வழிவதைக் கண்டு யூனியனை மேலும் இறுக்குவார்கள். கசிவோ வேறிடத்தில் இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகும் அவர் எஞ்சினைக் கிளப்பவில்லை. பேட்டரி ஒயரைக் கூட இன்னும் மாட்டவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்பில் கையால் அடிக்க ஒரு சிறு நெம்பு உண்டு. அதை ஏறத்தாழ இருபது முறை அடித்தார். முதலில் நெம்பு தொய்வாக இருந்தது. பம்பை இயக்கும் கேம் உயரத்தில் நின்றிருக்கிறது என்று சொல்லி, ஹேண்டிலைப் போட்டு எஞ்சினை அரைச் சுற்றுத் திருப்பிய பின் மீண்டும் அடித்தார். ஃப்ளோட் சேம்பர் நிரம்பியதும் நெம்பு இலகுவாகி நின்றது. அதன் பிறகு டேங்கின் வாயிலிருந்து கார்பரேட்டர் வரை ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் காத்திருந்து, கழுவி உலர்த்திய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மேலே ஒற்றியபோது நகக்கண் அளவு ஈரம் துணியில் ஒட்டியது. கிண்ணத்தின் கார்க் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. அதை மாற்றிவிட்டு முழுச் சோதனையையும் முதலிலிருந்து திரும்பச் செய்தார். துணி காய்ந்தே வந்த பிறகுதான் பேட்டரியை மாட்டச் சொன்னார். எஞ்சின் ஓடிச் சூடேறிய பின்னும் ஒருமுறை ஒற்றிப் பார்த்தார். இதற்கெல்லாம் சேர்த்து ஆன நேரம் முக்கால் மணி. இந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் முதலில் போன பட்டறையில் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

ஏசி பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே பெட்ரோல் சொட்டினால் உள்ளே டயபிரம் என்னும் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். சிலர் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்த பெட்ரோல் வேறு போக்கிடம் இல்லாமல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும், ஆயிலின் அளவும் கூடியிருக்கும். அப்படிக் கண்டால் வண்டியை எடுக்கவே கூடாது. அதேபோல், பழைய பம்பு தகராறு செய்கிறது என்று, கார்பரேட்டர் இல்லாத இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியின் மின்சாரப் பம்பைப் பொருத்திக்கொள்வதும் சில இடங்களில் நடக்கிறது. பழைய பம்பு தரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டுதான். இன்ஜெக்‌ஷன் பம்பு தருவதோ 40 பவுண்டு அளவில். கார்பரேட்டரின் நீடில் வால்வு அந்த அழுத்தத்தை ஒருகாலும் தாங்காது.

இனி எத்தனாலைப் பற்றி. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 விழுக்காட்டையும் 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டிவிட்டதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அந்தக் கொள்கை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் 1950-களின் இறுதியில் வெளிவரத் தொடங்கிய அம்பாசடரோ, பத்மினியோ, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அந்தக் காலத்து ரப்பர் எத்தனால் பட்டு ஊறிப் பருக்கும், பிறகு காய்ந்து வெடிக்கும். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மாதக் கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடித்து ஊசித் துளை விழும். நம் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் அரக்குப் பூச்சான ஷெல்லாக் கூட இனி உதவாது. வெறும் பெட்ரோலில் ஷெல்லாக் கரையாது என்பதால்தான் அதைப் பேக்கிங்கில் தடவினார்கள். ஆனால் ஷெல்லாக்கைக் கரைப்பதற்கென்றே பயன்படுத்துவது ஸ்பிரிட்; எத்தனாலும் ஸ்பிரிட்தான். நேற்று வரை பிடித்த பேக்கிங் இன்று ஏன் பிடிக்கவில்லை என்று திகைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகையால் உதிரிப்பாகக் கடைக்காரர்களை நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது, எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸை வாங்கி வைத்து, அதன் மேல் அச்சிட்டிருக்கும் குறிப்பை வாடிக்கையாளருக்குக் காட்டி விற்க வேண்டும் என்பதே. அந்தத் தரத்தில் வைட்டான் என்னும் ரப்பரால் உள்பூச்சு கொண்ட ஹோஸ்கள் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். ஒரு வண்டிக்குத் தேவைப்படுவதோ ஒன்று ஒன்றரை மீட்டருக்கு மேல் இராது. ரேடியேட்டர் தண்ணீருக்கான ஹோஸையும், மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயையும் பெட்ரோலுக்குக் கொடுத்து அனுப்புவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் குழாய் ஒரே கோடையில் மஞ்சளித்துக் கல்லாக இறுகி, கழற்றும்போது கையோடு உடைந்து வருகிறது. நல்ல ஹோஸானாலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

டேங்கில் துளை விழுந்தால் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பது ஊர் போய்ச் சேருவதற்கான வழி. அதையே ஆண்டுக் கணக்கில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், டேங்கைக் கழற்றிப் பெட்ரோலைக் கொட்டிவிட்டு, 'காலியாகத்தானே இருக்கிறது' என்று நேரே வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் கொடியது, ஏனென்றால் அதற்குள் இருப்பது முழுக்க ஆவியும் காற்றும் கலந்த கலவை. அந்த ஆவியை முற்றிலும் வெளியேற்றத் தெரிந்தவரிடம் அன்றி வேறெவரிடமும் டேங்கைக் கொடுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். டேங்கின் மூடியும் முக்கியமானது. பழைய மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருக்கும். அது இல்லாத மூடியை மாற்றிப் போட்டாலோ, துளையில் தூசி அடைத்தாலோ, வெயிலில் கட்டும் அழுத்தம் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டு வந்து கார்பரேட்டர் வழியாக வழிய விடும். கோடையில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பவும் வேண்டாம். பெட்ரோல் பங்கில் தரைக்கடியில் குளிர்ச்சியாக இருந்த 40 லிட்டர் பெட்ரோல், வெயிலில் நின்று 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரியும். அந்த அரை லிட்டருக்கு டேங்கில் இடம் இருக்க வேண்டும்.

அரசுத் துறைகளிடமும் சில கோரிக்கைகள் உண்டு. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். பிரேக், விளக்கு, ஹாரன், புகை ஆகியவற்றைப் பார்க்கும் ஆய்வாளர்கள், பானெட்டைத் திறந்து பெட்ரோல் ஹோஸையும் அதன் கிளிப்பையும் ஒரு நிமிடம் பார்த்தால், கம்பி சுற்றிய வண்டி ஒன்று கூடத் தப்பாது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய 2021-இல் தனி விதிகள் வந்துவிட்டன. அந்தப் பதிவைப் பெற விரும்புவோர், அசல் வடிவம் மாறக்கூடாதே என்ற அக்கறையில் ஐம்பது ஆண்டுப் பழைய ரப்பரையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம். ஹோஸும் வாஷரும் தேய்ந்து மாறவேண்டிய பொருள்கள். அவற்றை மாற்றுவதால் வண்டியின் பழமை குறைவதில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944-இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர் நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது அது. அந்த வாரத்தில் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் செயல்விளக்கம் காட்டும் தீயணைப்புத் துறையினர், சாலையோரப் பட்டறைகளுக்கும் ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டுகிறேன். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் பெட்ரோல் அதன் மேல் மிதந்து தீயைப் பரப்பும் என்பதும், மணல் வாளியும் உலர் பவுடர் சிலிண்டரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் பட்டறை முதலாளிக்குத் தெரிந்திருக்கலாம். குழிக்குள் நிற்கும் பையனுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பதே என் கவலை. மாவட்டத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்களுக்கும் கார்பரேட்டர் வண்டியில் ஒரு நாள் செய்முறை கொடுக்கலாம். அவர்களில் சிலராவது நாளை இந்தப் பழைய வண்டிகளைத் தொடப் போகிறவர்கள். சத்துவாச்சாரிப் பெரியவரைப் போன்றவர்களை அழைத்தால் அவர்கள் மகிழ்ச்சியோடு வந்து சொல்லிக்கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். அவரிடம் நான் கேட்டுவிட்டேன். அழைத்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் விரும்பினால் அவரை அழைத்து வரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் மாவட்டம்.